யூதக் குடும்பப் பெயர்கள்: எங்கிருந்து வந்தன, முன்னோரைத் தேட எவ்வளவு உதவும்?

1729இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில், யூத வேதமான தோராவின் சுருள்களைக் கையால் பிரதியெடுத்துப் பிழைத்துவந்த மெண்டல் என்பவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் மோசஸ். நாம் இன்று நினைக்கும் பொருளில் அந்த வீட்டுக்குக் குடும்பப் பெயர் எதுவும் கிடையாது. வளர்ந்து எழுத்தாளரானபின் எபிரேயத்தில் அவர் தம்மை 'டெஸ்ஸாவ் ஊர் மோசே' என்று குறித்தார். ஜெர்மன் வாசகர்களுக்கு எழுதும்போது, 'மெண்டலின் மகன்' என்பதை ஜெர்மன் சொல்லாக்கி மெண்டல்ஸோன் என்று போட்டுக்கொண்டார். ஐரோப்பா முழுவதும் அறிந்த தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்ஸோன் இவர்தான்.

அடுத்த தலைமுறையில் ஒரு விநோதம் நடந்தது. அவருடைய பிள்ளைகள் மோசஸின் பிள்ளைகள். ஆனாலும் 'மெண்டலின் மகன்' என்ற பெயரே அவர்களுக்கும் நின்றுவிட்டது. மகன் ஆபிரகாம் கிறிஸ்தவத்துக்கு மாறியபோது இன்னொரு பெயரையும் ஒட்டிக்கொண்டார்: பார்தோல்டி. அது அவர் மனைவியின் சகோதரர் ஒரு நிலத்தின் பெயரிலிருந்து எடுத்துத் தமக்கு வைத்துக்கொண்டது. ஆக, பேரனான இசையமைப்பாளர் பெலிக்ஸ் மெண்டல்ஸோன் பார்தோல்டியின் பெயரில் ஒரு கொள்ளுத்தாத்தாவும் ஒரு சொத்தும் இருக்கிறார்கள். தாத்தா மோசஸ் அதில் இல்லை.

யூதக் குடும்பப் பெயர்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வீடு நல்ல வாசல். பலரும் அந்தப் பெயர்களைத் தொன்மையானவை என்று எண்ணுகிறார்கள். ஐரோப்பாவின் பெரும்பாலான யூதக் குடும்பங்களுக்கு அவற்றின் வயது சுமார் இருநூறு ஆண்டு மட்டுமே. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு வேறு இரண்டு தகவல்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ஊர், அப்பாவின் பெயர். இந்தக் கட்டுரை முழுவதும் அதைத்தான் சொல்லப்போகிறது.

அப்பா பெயரே அடையாளம்

யூத மரபில் ஒருவரின் முழுப்பெயர் அவருடைய பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்தது. ஆணுக்கு 'பென்', பெண்ணுக்கு 'பாத்' என்ற சொல் நடுவில் வரும்: யாக்கோபு பென் ஈசாக்கு, ராகேல் பாத் மோசே. ஜெப ஆலயத்தில் தோரா வாசிக்க அழைக்கும்போதும், திருமண ஒப்பந்தமான கெதுபாவிலும், கல்லறைக் கல்லிலும் இந்தப் பெயர்தான் வரும். இன்றும் அப்படித்தான். மதம் மாறி யூதரானவருக்கு 'பென் ஆபிரகாம்' என்று எழுதுவார்கள்.

தமிழ் வாசகருக்கு இது புரியாத முறையே அல்ல. நம் இனிஷியலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதுதான். வெளிநாட்டில் குடியேறிய தமிழரின் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போய், பேரப்பிள்ளைகள் வரை அப்படியே ஒட்டிக்கொள்வதைப் பார்க்கிறோமே, மெண்டல்ஸோன் வீட்டில் நடந்ததும் அதுவே.

ஆகவே 19ஆம் நூற்றாண்டின் கிழக்கு ஐரோப்பிய யூதர் ஒருவருக்குக் குறைந்தது இரண்டு பெயர்கள் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெப ஆலயத்துக்கு ஒன்று, அரசாங்கக் காகிதத்துக்கு ஒன்று. ஊரார் தெருவில் கூப்பிட்ட பட்டப்பெயர் மூன்றாவது. காகிதப் பெயரை வீட்டில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அது வரி கட்டவும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் அரசு கேட்ட பெயர்.

அரசுகள் கேட்ட பெயர்

அந்தக் கேள்வி எப்போது எழுந்தது என்பதற்குத் துல்லியமான தேதிகள் இருக்கின்றன. 1787 ஜூலை 23 அன்று ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஓர் ஆணை பிறப்பித்தார். தம் ஆட்சியிலிருக்கும் யூதர் ஒவ்வொருவரும் 1788 ஜனவரி 1 முதல் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றது அது. இன்றைய தெற்கு போலந்தும் மேற்கு உக்ரைனும் அடங்கிய கலிசியாவில் பெருந்திரளான யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் பேசியது ஜெர்மனோடு நெருங்கிய உறவுள்ள யூத மொழியான இத்திஷ். பெயர் மட்டும் அதிகாரியின் ஜெர்மனில் வந்து சேர்ந்தது.

ரஷ்யப் பேரரசு 1804இல் இதேபோன்ற சட்டம் போட்டது. பலர் காதில் போட்டுக்கொள்ளாததால் 1835இல் மறுபடி வலியுறுத்த வேண்டியிருந்தது. நெப்போலியன் 1808 ஜூலை 20 அன்று பிரெஞ்சுப் பேரரசின் யூதர்களுக்கு ஆணையிட்டார். பழைய ஏற்பாட்டுப் பெயர்களையும் நகரப் பெயர்களையும் புதிதாகக் குடும்பப் பெயராக எடுக்கக்கூடாது என்று அதில் தடையும் இருந்தது. ஜெர்மன் அரசுகளில் ஒன்றான புருசியா 1812இல் யூதர்களுக்குக் குடியுரிமை கொடுத்தபோது, நிலையான பெயரை அதற்கு நிபந்தனையாக வைத்தது. ரஷ்யாவின் கீழிருந்த போலந்து இராச்சியத்தில் 1821இல் ஆணை வந்தது.

இந்த ஆண்டுகளைத் தேடுபவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன். உங்கள் நண்பரின் முன்னோர் கலிசியாக்காரர் என்றால் 1780களில் பெயர் வந்திருக்கும். வார்சா பக்கத்து ஊர் என்றால் 1821க்குப் பிறகு. அதற்கு முந்தைய ஆவணத்தில் அந்தக் குடும்பப் பெயரைத் தேடி ஏமாறுவதில் பயனில்லை.

விதிவிலக்குகள் உண்டு. மத ஆசான்களான ரப்பிகள், பெரு வணிகர்கள் சிலரின் குடும்பங்களில் பெயர் முன்பே நிலைத்திருந்தது. பிராங்க்பர்ட் இன்னொரு விதிவிலக்கு. அங்கே 1462 முதல் யூதர்கள் ஒரே ஒரு ஒடுங்கிய தெருவில் அடைக்கப்பட்டார்கள். வீடுகளுக்கு எண் இல்லை, வாசலில் அடையாளச் சின்னம் உண்டு. கப்பல் சின்ன வீட்டார் ஷிஃப், கழுகு வீட்டார் ஆட்லர், விண்மீன் வீட்டார் ஷ்டெர்ன் ஆனார்கள். சிவப்புக் கேடயம் மாட்டிய வீட்டில் இருந்தவர்கள் ராத்ஸ்சைல்ட். வங்கி வம்சத்தைத் தொடங்கிய மேயர் ஆம்ஷெல் ராத்ஸ்சைல்ட் 1744இல் பிறந்தபோது அந்தக் குடும்பம் அதே தெருவில் வேறொரு வீட்டுக்கு மாறிப் பல காலம் ஆகியிருந்தது. பெயர் மட்டும் கூடவே வந்தது.

பெயர்களை எப்படிப் பொறுக்கினார்கள்

மிக இயல்பான வழி அப்பா பெயரையே நிலைப்படுத்துவது. ஜெர்மன் பகுதியில் 'ஸோன்' சேரும், ஸ்லாவிய மொழிப் பகுதியில் 'விச்' அல்லது 'ஓவ்' சேரும்: யாக்கோப்ஸோன், அப்ரமோவிச். ஆனால் கிழக்கு பெலாரூசில், மொகிலியோவ் பக்கம், அம்மாவின் பெயரும் பாட்டியின் பெயரும் ஏராளமான குடும்பங்களுக்குப் பெயராயின. ரெபெக்காளின் இத்திஷ் வடிவம் ரிவ்கா, அதிலிருந்து ரிவ்கின். தெபோராளிலிருந்து த்வோர்கின். எஸ்தரிலிருந்து எஸ்த்ரின். மால்கா என்ற பெண்ணிலிருந்து மால்கின். பெர்ல் என்ற பெண்ணின் வீட்டுக்காரர் பெர்ல்மன். கணவர் படிப்பில் மூழ்கியிருக்க, கடையும் குடும்பமும் பெண் கையில் இருந்த வீடுகள் அந்தச் சமூகத்தில் பல. ஊரார் அந்த வீட்டை அவள் பெயரால்தான் அறிந்திருந்தார்கள். பதிவேட்டில் ஆண் பெயரே நிரம்பிய காலத்தில், யாரோ ஒரு பாட்டியின் பெயரை இன்று ஆயிரக்கணக்கானோர் சுமந்து திரிகிறார்கள் என்பது எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம்.

விலங்குப் பெயர்களுக்குப் பின்னால் வேதாகமம் இருக்கிறது. ஆதியாகமம் 49ஆம் அதிகாரத்தில் யாக்கோபு சாகும் தறுவாயில் தம் மகன்களை ஆசீர்வதிக்கிறார். யூதாவைச் சிங்கக் குட்டி என்கிறார், நப்தலியைப் பெண்மான் என்கிறார், பென்யமீனை ஓநாய் என்கிறார். அதனால் எபிரேயப் பெயர் யூதா என்றிருந்தவரை வீட்டில் இத்திஷில் லெய்ப், அதாவது சிங்கம், என்று கூப்பிட்டார்கள். நப்தலி ஹிர்ஷ் ஆனார், மான். பென்யமீன் வோல்ஃப் ஆனார். இசக்காரை அந்த அதிகாரம் கழுதை என்கிறது. யார் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைப்பார்கள்? அவருக்குக் கரடியைக் கொடுத்து பெர் என்றார்கள். இப்படி வந்தவைதான் லெய்போவிச், ஹிர்ஷ்ஸோன், வோல்ஃப்ஸோன், பெர்மன் எல்லாம். ஒரு பதிவேட்டில் 'ஹிர்ஷ்' என்றும், கல்லறையில் 'நப்தலி' என்றும் கண்டால் இரண்டு ஆட்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒருவராகவே இருக்கலாம்.

ஊர்ப் பெயர்களில் சில மிகப் பழையவை. ரைன் நதிக்கரையிலுள்ள ஷ்பையர் நகரிலிருந்து வந்ததே ஷப்பிரோ. பொஹீமியாவின் ஹோர்ஷோவிட்சே சிற்றூரிலிருந்து ஹோரோவிட்ஸ். பவேரியாவின் குன்ஸ்பர்க்கிலிருந்து கின்ஸ்பர்க். ஹெய்ல்ப்ரோனிலிருந்து ஹால்பெர்ன். ஒரு ஊரில் இருக்கும்வரை யாரையும் அந்த ஊர்க்காரர் என்று கூப்பிட மாட்டார்கள், வேற்றூருக்குப் போனபின்தான் கூப்பிடுவார்கள். எனவே வார்ஷாவ்ஸ்கி என்றொரு குடும்பத்தைத் தேடுபவர் முதலில் வார்சாவில் தேடக்கூடாது. அவர்கள் வார்சாவை விட்டுக் கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தார்களோ அங்கேதான் அந்தப் பெயர் பிறந்தது.

தொழில் பெயர்கள் எளியவை. தையற்காரர் இத்திஷில் ஷ்னைடர், ரஷ்ய மொழியில் போர்ட்னோய், எபிரேயத்தில் ஹயாத். மதச் சட்டப்படி கால்நடை அறுப்பவர் ஷோஹெத், ஸ்லாவிய வழக்கில் ரெஸ்னிக். பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவர் மெலமெட். ஜெப ஆலயத்தில் பாடி வழிபாடு நடத்துபவர் ஹஸான், ஜெர்மனில் காண்டோர். எழுத்தர் சோஃபெர்.

கோஹன், லேவி ஆகிய பெயர்களுக்குத் தனி இடம் உண்டு. ஆரோனின் ஆண்வழி வந்தவர் கோஹன், அதாவது ஆசாரியர். லேவி கோத்திரத்தின் மற்றவர் லேவியர். இந்தத் தகுதி அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது, எந்த அரசாணைக்கும் முந்தியது. குடும்பப் பெயர் வைக்கச் சொன்னபோது பல வீடுகள் இதையே எழுதிக் கொடுத்தன. கான், காகன், கப்லான் எல்லாம் கோஹனின் வடிவங்கள் அல்லது மொழிபெயர்ப்புகள். காட்ஸ் என்பது 'கோஹென் ட்ஸெதெக்', அதாவது நீதியின் ஆசாரியர், என்ற இரு சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம். செகால் என்பது லேவியரைக் குறிக்கும் சொற்களின் சுருக்கம். ஓவியர் மார்க் ஷகாலின் பெயரும் அந்தச் செகால்தான்.

ஆனால் கோஹன் என்று பெயரிருக்கும் எல்லாரும் ஒரே குடும்பம் என்று கொள்ளக்கூடாது. ஆசாரியத் தகுதி நூற்றுக்கணக்கான ஊர்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வீடுகளில் இருந்தது. ஹோரோவிட்ஸ், ராப்பபோர்ட் போன்ற பெயர்களுக்குள்ளும் லேவியரும் ஆசாரியரும் உண்டு. பெயர் வெறும் பலகைதான். தகுதியைக் கல்லறைக் கல்லில் பாருங்கள். விரல்களை விரித்து ஆசீர்வதிக்கும் இரு கைகள் செதுக்கியிருந்தால் அவர் கோஹன். தண்ணீர்க் குடம் இருந்தால் லேவி.

மீதி இருப்பது அலங்காரப் பெயர்கள். கோல்ட், சில்பர், ரோஸன், க்ரூன் என்று முன்னால் ஒரு சொல், பெர்க், ஷ்டைன், தால், பவும், ஃபெல்ட் என்று பின்னால் ஒரு சொல். தங்கமலை, வெள்ளிக்கல், ரோஜாப் பள்ளத்தாக்கு. ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சில மாதங்களில் பதிய வேண்டிய அதிகாரிகளுக்கு இந்தக் கூட்டல் முறை வசதி. இதற்குப் பின்னால் ஆழமான பொருள் தேடுவது வீண். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு ரோஸன்பெர்க் குடும்பங்கள் இருந்தால் அவர்கள் உறவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்பெயினிலிருந்து சென்னை வரை

இதுவரை சொன்னது அஷ்கனாசிகள் எனப்படும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களைப் பற்றி. ஸ்பெயின், போர்த்துகல் வழிவந்த செபார்டிகளின் கதை வேறு. அரபு ஆட்சிக் காலத்திலேயே அங்கே வம்சப் பெயர்கள் நிலைபெறத் தொடங்கின. இப்னு எஸ்ரா, அப்ராவனேல், டோலேதானோ போன்றவை எழுநூறு, எண்ணூறு ஆண்டுப் பழமை உடையவை. 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியபோது அந்தப் பெயர்கள் மொராக்கோவுக்கும் சலோனிக்காவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் போயின. டோலேதானோ என்ற பெயரை மொராக்கோவில் கண்டால் டோலேதோ நகரத்து நினைவு அங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

சிக்கல் போர்த்துகலில் வருகிறது. அங்கே 1497இல் யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் செய்வித்தார்கள். மாறியவர்களுக்கு ரொட்ரிகெஸ், லோபெஸ், மெண்டெஸ், பெரெய்ரா, ஃபொன்சேகா என்று எல்லாக் கத்தோலிக்கரும் வைத்துக்கொண்டிருந்த பெயர்களே வந்தன. அவர்களில் சிலர் ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் ஓடி மறுபடி வெளிப்படையாக யூதரானார்கள். பெயர் போர்த்துகீசியமாகவே தொடர்ந்தது. மரங்களின் பெயருள்ள போர்த்துகீசியக் குடும்பங்கள் எல்லாம் மறைமுக யூதர்கள் என்று இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. அது தவறு. யூத வழி இல்லாத பழைய கிறிஸ்தவர்களும் அதே பெயர்களை வைத்திருந்தார்கள்.

தமிழ்க் கடற்கரையில் நின்று பார்த்தாலே இது விளங்கும். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் திரளாகக் கத்தோலிக்கரானபோது பர்னாந்து, ரொட்ரிகோ, பெரைரா, மச்சாது என்று போர்த்துகீசியப் பெயர்களைப் பெற்றார்கள். இலங்கையில் பெரேரா, பொன்சேகா என்ற பெயர்கள் வந்ததும் அந்த வழிதான். பின்னர் 17ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து வந்த போர்த்துகீசிய யூத வணிகர்கள் மதராசில் பவளத்தை இறக்கி, வைரத்தை ஏற்றி வணிகம் செய்தார்கள். தி பைவா, ரொட்ரிகெஸ், ஃபொன்சேகா என்பவை அவர்கள் பெயர்கள். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அதன் உறுப்பினர்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்தப் பவள வணிகத்தின் நினைவாக இன்றும் இருக்கிறது. ஒரே கடற்கரையில், ஒரே நூற்றாண்டில், ஒரே பெயரோடு ஒரு பரதவரும் ஒரு யூதரும். பெயரை வைத்து யாருடைய முன்னோர் யார் என்று சொல்லிவிட முடியாது.

இந்தியாவிலேயே வாழ்ந்த யூதர்களின் பெயர்களும் கவனிக்கத் தக்கவை. கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் மக்கள் மராத்தி வழக்கப்படி ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக்கொண்டார்கள்: பென் ஊரார் பென்கர், ராஜ்பூரார் ராஜ்பூர்கர், கெஹிம்கர், திவேகர். ஒரு பெனே இஸ்ரேல் குடும்பம் இரண்டு மூன்று நூற்றாண்டுக்கு முன் எந்தக் கிராமத்தில் எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்தது என்பதை அந்தப் பெயர் நேராகக் காட்டிவிடும். ஐரோப்பியப் பெயர்கள் பெரும்பாலும் செய்யாத உதவி இது.

இரண்டு பிரபலமான கதைகள்

கலிசியாவில் அதிகாரிகள் லஞ்சம் கொடுத்தவருக்குத் தங்கம், ரோஜா என்று அழகான பெயரும், கொடுக்காதவருக்கு இழிவான பெயரும் வைத்தார்கள் என்பது முதல் கதை. கேலியான பெயர்கள் சில உண்மையிலேயே இருந்தன. மொழியியலாளர் அலெக்சாண்டர் பெய்டர் பேரரசுகளின் பட்டியல்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெயர்களைத் தொகுத்து ஆராய்ந்தார். மொத்தத்தில் அவற்றின் பங்கு மிகச் சிறியது. ஏழைகளிடையேயும் ரோஸன்பெர்க்குகள் நிறைந்திருந்தார்கள். அழகான பெயரை விலைக்கு வாங்கிய செல்வந்தர் என்று உங்கள் முன்னோரை எண்ணிப் பெருமைப்பட வேண்டாம், அசிங்கமான பெயரைக் கண்டு வருந்தவும் வேண்டாம்.

இரண்டாவது கதை அமெரிக்காவுடையது. 1892இல் திறந்த எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரி நீண்ட பெயரைக் கேட்டுப் புரியாமல் தம் இஷ்டத்துக்கு எழுதிவிட்டார் என்று ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் சொல்வார்கள். அங்கே அதிகாரிகள் பெயர் எழுதவில்லை. கப்பல் கிளம்பிய ஐரோப்பியத் துறைமுகத்தில், கப்பல் நிறுவனத்தார் தயாரித்த பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். உதவிக்கு மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். பெயரை மாற்றியவர்கள் குடியேறியவர்களே. வேலை தேடும்போது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது, கடைப் பலகை எழுதும்போது மாற்றினார்கள். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், பழைய பெயர் கப்பல் பட்டியலில் அப்படியே இருக்கும் என்று இதனால் தெரிகிறது. தேடினால் கிடைக்கும்.

பெயர் மாற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பாடலாசிரியர் இர்விங் பெர்லின் நல்ல உதாரணம். அவர் குடும்பத்தின் பழைய பெயர் பெய்லின், பெய்லா என்ற பெண் பெயரிலிருந்து வந்தது. பெர்லின் நகரத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. இஸ்ரேலில் மாற்றம் இன்னும் பெரிது. டேவிட் பென் குரியோன் பிறந்தபோது க்ரூன். கோல்டா மேயர் 1956 வரை மேயர்ஸோன். ஷிமோன் பெரெஸ் போலந்தில் பெர்ஸ்கி. புதிய நாட்டுக்கு எபிரேயப் பெயர் வேண்டும் என்ற வேட்கையில் லட்சக்கணக்கானோர் இப்படி மாறினார்கள். இஸ்ரேலியப் பெயரை வைத்துக்கொண்டு ஐரோப்பியப் பதிவேட்டைத் திறக்க முடியாது. இடையில் ஒரு பெயர் மாற்ற ஆவணம் தேவை.

தேடத் தொடங்குபவருக்கு

முதலில் வீட்டில் தேடுங்கள். உயிரோடிருக்கும் மூத்தவரிடம் கேட்க வேண்டியது குடும்பப் பெயரின் பொருள் அல்ல. தாத்தாவின் எபிரேயப் பெயர் என்ன, அவர் அப்பா யார், எந்த ஊர் என்றுதான் கேட்க வேண்டும். கெதுபா இருந்தால் அதில் மணமகன், மணமகள் இருவரின் அப்பா பெயர்களும் இருக்கும். கல்லறைக் கல்லின் எபிரேய வரிகளைப் படம் எடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆங்கில வரியில் பெயரும் தேதியும் மட்டும் இருக்க, எபிரேய வரியில் ஒரு தலைமுறை கூடுதலாக இருக்கும். நான்கு கற்களைச் சேர்த்தால் 1820கள் வரை எட்டிவிடலாம். செலவே இல்லாத இந்த வேலையை விட்டுவிட்டுப் பலர் நேரே கட்டண இணையதளங்களுக்குப் போய்விடுகிறார்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை, கடினமானதும் இதுதான். 'ரஷ்யா', 'ஆஸ்திரியா' என்று குடியேற்றத் தாளில் எழுதியிருப்பது பேரரசின் பெயர். அது இன்று போலந்தாகவோ உக்ரைனாகவோ லிதுவேனியாவாகவோ இருக்கலாம். லெம்பெர்க், ல்வூவ், ல்விவ் மூன்றும் ஒரே நகரம். யூதர்கள் ப்ரிஸ்க் என்பது வரைபடத்தில் ப்ரெஸ்ட். 1906க்குப் பிந்தைய அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பங்களில் பிறந்த ஊர் பெரும்பாலும் இருக்கும் என்பதால் அவை பொக்கிஷம்.

ஊர் கிடைத்துவிட்டால் பதிவேடுகளுக்குப் போகலாம். போலந்து இராச்சியத்தில் 1826 முதல் யூதர்களுக்குத் தனிப் பதிவேடுகள் உண்டு. 1868 வரை அவை போலந்து மொழியில், பிறகு ரஷ்ய மொழியில். ரஷ்யப் பேரரசில் வரி, பட்டாளக் கணக்குக்காக எடுத்த 'ரெவிஷன்' பட்டியல்கள் 1858 வரை உள்ளன. ஒரு வீட்டின் ஆண்கள் எத்தனை, முந்தைய கணக்கில் வயது என்ன, இடையில் யார் இறந்தார் என்று அவை சொல்லும். பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள் அட்டவணையாக்கி ஜூயிஷ்ஜென், ஜே.ஆர்.ஐ போலந்து ஆகிய தளங்களில் இலவசமாகத் தேடக் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது. ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலிக்கு எழுத்து இல்லாததால் ஹோரோவிட்ஸ் குரேவிச் ஆனார், ஹால்பெரின் கால்பெரின் ஆனார், கோஹன் கோகன் ஆனார். ஒரே குடும்பத்தின் அண்ணன் ஹர்விட்ஸாகவும் தம்பி குர்விச்சாகவும் இருப்பது சாதாரணம். இதற்காகவே 1985இல் ராண்டி டைட்ச், கேரி மொகோடோஃப் இருவரும் ஒலியை வைத்துப் பெயர்களை எண்ணாக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். மேற்சொன்ன தளங்களில் 'ஒலி ஒத்தது' என்று தேர்ந்தெடுத்துத் தேடினால் அதுதான் வேலை செய்யும்.

கலிசியாவில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. பல யூதத் தம்பதிகள் மதச் சடங்குப்படி மட்டும் மணந்து, அரசிடம் பதியவில்லை. அரசின் கண்ணில் அந்தப் பிள்ளைகள் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள். அதனால் அம்மாவின் குடும்பப் பெயரில் எழுதினார்கள். பெற்றோர் பின்னர் பதிவு செய்துகொண்டால் அடுத்த பிள்ளைக்கு அப்பாவின் பெயர். கூடப்பிறந்தவர்களுக்கு வெவ்வேறு குடும்பப் பெயர் என்றால் அவப்பெயராக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை, அது அலுவலக விவகாரம். குடும்ப மரத்தில் அப்பா வழி என்று ஏறிக்கொண்டிருக்கும் பெயர் ஓரிடத்தில் பாட்டி வழிக்குத் தாவியிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் தேடுபவருக்குக் கிடைத்த அருமையான கருவி. அஷ்கனாசிகள் உயிரோடிருப்பவரின் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டார்கள். இறந்த தாத்தா, பாட்டியின் பெயரையே வைப்பார்கள். ஒரு குடும்பத்தின் மூன்று மகன்கள் வீட்டிலும் 1851 முதல் 1855க்குள் ஆளுக்கொரு ஈசாக்கு பிறந்திருக்கிறான், அதற்கு முன்னால் பிறந்த பேரன்களில் ஈசாக்கு யாருமில்லை என்றால், தாத்தா ஈசாக்கு 1850ஐ ஒட்டி இறந்தார் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். இறப்புப் பதிவேடு எரிந்துபோன ஊரிலும் இப்படி ஒரு மரணத்தின் ஆண்டைக் கண்டுவிட முடியும். செபார்டிகளிடம் இதைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே தாத்தா உயிரோடிருக்கும்போதே முதல் பேரனுக்கு அவர் பெயரை வைத்து மரியாதை செய்வார்கள்.

1939க்கும் 1945க்கும் இடையில் நாஜிகளின் இனப்படுகொலையில் கொல்லப்பட்டவர்களைத் தேட ஜெருசலேமின் யாத் வஷேம் நிறுவனத்தில் 48 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் திரட்டப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பங்கு 'சாட்சியப் பக்கங்கள்'. தப்பிய உறவினரோ அயலாரோ இறந்தவரின் பெயர், பெற்றோர், ஊர், தொழில் ஆகியவற்றைத் தம் கையால் நிரப்பிக் கொடுத்த தாள்கள் அவை. இறந்தவரைப் பற்றிய வரிகளைப் படித்தவுடன் தாளின் அடிப்பகுதியைப் பாருங்கள். நிரப்பிக் கொடுத்தவரின் பெயரும் உறவுமுறையும் அங்கே இருக்கும். பிரிந்துபோன கிளையொன்று உயிரோடிருக்கிறது என்பதைப் பல குடும்பங்கள் அந்த அடிக்குறிப்பில்தான் முதலில் கண்டன. ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் நகரிலுள்ள ஆரோல்சன் ஆவணக் காப்பகத்தில் முகாம்கள், போருக்குப் பிந்தைய அகதிகள் பற்றிய தாள்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

மரபணுச் சோதனையைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அஷ்கனாசிகள் பல நூற்றாண்டுகள் தமக்குள்ளேயே மணந்த சமூகம். சுமார் 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன் அவர்களின் மூதாதையர் தொகை ஏறக்குறைய 350 பேர் என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது என்று 2014இல் வெளியான மரபணு ஆய்வு கணித்தது. அதனால் சோதனை செய்துகொண்ட எந்த அஷ்கனாசிக்கும் 'மூன்றாம் நான்காம் ஒன்றுவிட்ட உறவு' என்று ஆயிரக்கணக்கானோர் வந்து குவிவார்கள். பலர் உண்மையில் மிகத் தொலைவானவர்கள், சின்னச் சின்ன மரபணுத் துண்டுகளாகப் பல வழியில் ஒத்துப்போகிறவர்கள். மொத்த ஒற்றுமை எவ்வளவு என்று பார்க்காமல், மிக நீளமான ஒரே துண்டு எவ்வளவு என்று பாருங்கள். அது நீளமாக இருந்து, எதிர்ப்பக்கத்தாரின் காகிதங்களிலும் உங்கள் ஊரின் பெயர் இருந்தால் மட்டும் கடிதம் எழுதுங்கள். எழுதும்போது உங்கள் குடும்பப் பெயரை முதல் வரியில் வைக்காமல், ஊரின் பெயரையும் தெரிந்த மூத்தவரின் எபிரேயப் பெயரையும் அவர் அப்பா பெயரையும் வையுங்கள். அவர்கள் வீட்டுக் கல்லறைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குத் தேவைப்படுவது அதுதான்.